ஒன்றே முக்கால் பஸ்ஸும் நாற்பது நிமிடமும்

தனு, ருக்சன் — இந்தக் கிழமை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மூலையில் என்னை வாசிக்கிற மற்றப் பிள்ளைகள் கோபிக்க வேண்டாம். தோளுக்கு மேலால் எட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் ஓர் அப்பா இருப்பார். அவருக்கும் கை இருக்கும்.

கையை ஏன் இழுக்கிறேன்? இரண்டு கிழமைக்கு முன்னர், ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்தில் நான் ஒரு கையை உயர்த்தினேன். செய்தது அவ்வளவுதான். கல்லெறியவில்லை, யாரையும் ஏசவில்லை. கையை உயர்த்தினேன்... இறக்கினேன்.

ருக்சன், உனக்கு எட்டு வயது. இதில் பாதி விளங்காது. வைத்திருந்து பிறகு வாசி. தனு, உனக்குப் பதினான்கு. உனக்கு எல்லாம் விளங்கும். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். குசினியில் மூன்று அடி தள்ளி நிற்கிற மகளிடம் சொல்ல ஏலாமல், ஊரெல்லாம் வாசிக்கிற பேப்பரில் சேதி அனுப்புகிற தகப்பனை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா பிள்ளைகளே? இதோ, கண்டுகொள்ளுங்கள்.

முதலில் அந்த நாற்பது நிமிடம் எங்கிருந்து வந்தது என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தனுவின் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை. ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். இரண்டாம் தவணை தொடங்கும்போது, விஞ்ஞானம் படிப்பிக்கிற வதனி ரீச்சர் ஒரு புது நேரசூசி போட்டுக்கொண்டு வந்தார். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பாடவேளையிலும் ஐந்து நிமிடத்தைக் கிள்ளி எடுத்தார். எட்டைந்து நாற்பது. கிள்ளியதையெல்லாம் சேர்த்து நாளின் கடைசியில் வைத்தார். பள்ளி விடுகிற நேரம் மாறவில்லை, அதே ஒன்றரைதான். ஆனால் பன்னிரண்டு ஐம்பதிலிருந்து ஒன்றரை வரை யாரும் படிப்பிக்க மாட்டார்கள். பிள்ளைகள் தாங்களாகப் படிக்க வேண்டும்.

அதற்கு ரீச்சர் வைத்த விதி ஒன்றே ஒன்று. தவணைக்கு ஒரு கேள்வி. பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருக்கிற கேள்வி கூடாது. ரீச்சர் வகுப்பில் இருப்பார், ஆனால் விடை சொல்ல மாட்டார். எங்கே தேடலாம், யாரிடம் கேட்கலாம் என்று மட்டும் சொல்லுவார்.

எனக்குப் பிடித்துப் போனது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நின்றதற்கு வறுமை காரணம் என்று சொல்லித் திரிகிறேன். ஆனால் உண்மையில், 'ஏன்' என்று கேட்டபோதெல்லாம் 'எழுது' என்றார்கள். எழுதி எழுதி அலுத்துப் போனேன். அதனால் புது நேரசூசியைப் பற்றி இதே பத்தியில் உச்சியில் தூக்கி வைத்து எழுதினேன். 'பிள்ளையின் தலை சோற்றுப்பானை இல்லை, நாங்கள் அகப்பையால் கிண்டிக்கொண்டே இருக்க' என்று ஒரு வசனம்கூட. பள்ளிக்கூடத்தில் அதை வெட்டி அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். நான் இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சரி. தனு என்ன கேள்வி எடுத்தாள்?

வகுப்பில் ஒருவன் எறும்பு எடுத்தான். ஒருத்தி கிணற்றுத் தண்ணீர் எந்த மாதத்தில் உவர்க்கிறது என்று எடுத்தாள். தனு, நீயும் ஸஹ்ராவும் சேர்ந்து எடுத்த கேள்வி: ஒன்றே முக்கால் பஸ் ஏன் ஒன்றே முக்காலுக்குப் போவதில்லை?

புதிதாக வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் திருகோணமலை பஸ் நிலையத்தில் ரைம்கீப்பர். சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி என்று கடற்கரை வீதியால் போகிற தனியார் பஸ்களுக்கு நேரம் பார்த்து, புத்தகத்தில் பதிந்து, கொண்டக்டர் நீட்டுகிற தாளில் கையொப்பம் வைக்கிற ஆள். அங்கே எனக்குப் பேரே 'ரைம் அண்ணை'தான்.

மகள் என் பஸ்ஸைப் பற்றிக் கேள்வி எடுத்திருக்கிறாள் என்றதும் எனக்கு நெஞ்சு விரிந்தது. அவள் ஏன் எடுத்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

காரணம் ஸஹ்ரா. தனுவோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை. வீடு குச்சவெளி. பஸ் நேரத்துக்குப் போனால் மூன்று மணிக்கு வீடு. போகாவிட்டால் மூன்றரை, மூன்றே முக்கால், சில நாளில் நாலு. பஸ் நிரம்பும்வரை பள்ளிப்பிள்ளைகளை ஏற விடமாட்டார்கள் — அரை ரிக்கற்தானே. 'பிள்ளையள் கீழ நில்லுங்கோ, வெளிக்கிடேக்க ஏறலாம்' என்பார்கள். வெயிலில் நின்று, பிறகு பஸ்ஸில் நின்று, நாலு மணிக்குச் சோறு தின்னுகிற பிள்ளை. அவளுடைய வாப்பா சொல்லிவிட்டாராம்: 'இந்தத் தவணை பார்ப்பன். இப்பிடியே பிந்திப் பிந்தி வந்தா ரவுண் பள்ளிக்கூடம் வேணாம். இஞ்சயே படி.'

ஆகவே இந்தக் கேள்வி இரண்டு பிள்ளைகளுக்கும் விளையாட்டு இல்லை. எழுதிக் காட்டினால் யாராவது பார்ப்பார்கள், பார்த்தால் பஸ் நேரத்துக்குப் போகும், போனால் ஸஹ்ரா அதே வாங்கில் இருப்பாள். பதினான்கு வயதில் உலகம் அப்படித்தான் வேலை செய்யும் என்று நினைப்போம் இல்லையா?

ஐந்து கிழமை எழுதினார்கள். இடையில் பௌர்ணமிக்கு ஒரு நாள் போயா லீவு, அதைக் கழித்தால் இருபத்துநான்கு நாள். பஸ் வெளிக்கிடுகிற நேரத்தையும் சாம்பல்தீவுப் பாலம் வருகிற நேரத்தையும் தனு எழுதிவிட்டு அங்கே இறங்குவாள். அங்கிருந்து நிலாவெளியையும் குச்சவெளியையும் ஸஹ்ரா எழுதுவாள். பக்கத்தில் காரணம். கொப்பியைக் காட்டுவாய் தனு, நான் சிரித்துச் சிரித்து வாசிப்பேன். 'கிளினிக் ஆட்கள் வரும்வரை நின்றது.' 'கொண்டக்டர் தேநீர் குடிக்கப் போனார்.' 'ட்ரைவரும் இன்னொரு ட்ரைவரும் சண்டை, பிறகு சமாதானம்.' 'மான் பஸ்ஸுக்கு முன்னால் படுத்துவிட்டது.' எங்கள் திருகோணமலை ரவுணில் மான் மாடு மாதிரித் திரியும் என்று வெளியூர்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளுங்கள். இருபத்துநான்கு நாளில் மான் மறித்தது ஒரே ஒரு நாள்தான். மிச்சம் எல்லாம் மனுசர்.

பன்னிரண்டு ஐம்பதுக்குத் தொடங்கும் நாற்பது நிமிடத்தில் முதல் நாள் எழுதியதைக் கூட்டுவார்கள், பிரிப்பார்கள், படம் கீறுவார்கள். கணக்குப் பாடத்தில் தூங்குகிற ஸஹ்ரா சராசரி எடுக்கப் பழகியது அங்கேதான்.

பிறகு ஒரு பின்னேரம். நான் கதிரையில் சாய்ந்து கிடந்தேன். நீ வந்து நின்றாய்.

"அப்பா, உங்கட நேரப் புத்தகத்தை ஒருக்காப் பார்க்கலாமோ?"

"என்னத்துக்கு மகள்?"

"ஒப்பிட. ரீச்சர் சொன்னவ, கண்ணால பார்த்ததை எழுத்தில இருக்கிறதோட வச்சுப் பார்க்கோணுமாம். அப்பத்தானாம் அது ஆராய்ச்சி."

பையிலிருந்து எடுத்துத் தந்தேன். யோசிக்கவே இல்லை. பதினொரு வருசமாக மூச்சு விடுகிற மாதிரிச் செய்கிற வேலை. மூச்சு விடுவதைப் பற்றி யார் யோசிப்பார்?

நீ ஒரு பக்கம் புரட்டினாய். இன்னொரு பக்கம். விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாய். ருக்சன், நீதான் அக்காவின் தோளால் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாய்.

"எல்லாம் ஒண்டே முக்கால்! அப்பாட மணிக்கூடு செத்துப்போச்சு!"

நான் சிரித்தேன். தனு சிரிக்கவில்லை.

"அப்பா, பதினெட்டாம் திகதி ரெண்டு பதினேழுக்குத்தானே வெளிக்கிட்டது. நானும் ஸஹ்ராவும் அதிலதான் நிண்டனாங்கள். நீங்களும் நிண்டனீங்கள்."

"அது... எங்கட முறை அப்பிடி, மகள்."

"முறையெண்டா?"

"பஸ் போகவேண்டிய நேரத்தைத்தான் எழுதுறது."

"அப்ப, போன நேரத்தை ஆர் எழுதுறது?"

பிள்ளைகளே, பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இல்லாத கேள்வி என்று ரீச்சர் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

அந்த முறையையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் அந்த பஸ்ஸுக்கு அடுத்த நாள் ஓட இடம் கிடையாது. சட்டம் அப்படி. ஆனால் ஆள் இல்லாமல் எடுத்தால் டீசலுக்கும் காணாது. ஆஸ்பத்திரிக் கிளினிக் முடிந்து வருகிற கிழவன் கிழவியை விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. ஆகவே நிற்பார்கள். நின்றுவிட்டு, மணி இரண்டு பத்துக்குக் கொண்டக்டர் நிஸ்தார் தாளை நீட்டுவான். "ரைம் அண்ணை, ஒண்டே முக்கால் போடுங்கோ." போடுவேன். அவன் எனக்கு ஐந்து சதம் தருவதில்லை, நான் கேட்பதும் இல்லை. ஒத்துப்போவது, அவ்வளவுதான். எனக்கு முதல் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். அவர் எனக்கு வேலை காட்டித் தந்த முதல் நாளே சொன்னார்: "தம்பி, மணிக்கூட்டைப் பார்க்காத. அட்டவணையைப் பார்த்து எழுது. ஒருத்தனோடயும் பிரச்சினை வராது."

வரவில்லை. பதினொரு வருசம் ஒருவனோடும் பிரச்சினை வரவில்லை. கீழே வெயிலில் நின்றவர்களைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ புத்தகத்தைப் பார்த்து இருபத்துநான்கு நாளையும் கொப்பியில் எழுதிக்கொண்டாய். மூடி என் பைக்குள்ளேயே வைத்தாய். 

இரண்டு நாளுக்குப் பிறகு அம்மா சொன்னாள் — செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டமாம். பிள்ளைகள் தங்கள் கேள்வியையும் விடையையும் கதவு அகலத் தாளில் எழுதி மண்டபச் சுவரில் தொங்கவிடப் போகிறார்களாம். "தனுவும் ஸஹ்ராவும் விழுந்து விழுந்து எழுதுதுகள். நீங்கள் கட்டாயம் வரோணுமாம்."



அந்தக் கூட்டத்துக்கு ஒன்றே முக்கால் பஸ்ஸின் முதலாளியும் வருவார். அவருடைய இரண்டு பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். சுவரில் ஒரு நிரலில் பஸ் போன நேரம். பக்கத்து நிரலில் நான் எழுதிய நேரம். கீழே என் மகளின் பேர். ஊர் என்ன கதைக்கும்? 'ரைம் அண்ணை பெத்த பிள்ளையே அவரை மாட்டிவிட்டுட்டு.' வேலை போகுமோ என்ற பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம், ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி எழுதுகிறவன் நான் என்பதுதான்.

அந்த நிரலை மட்டும் எடுத்துவிடு மகள் என்று உன்னிடம் கேட்டிருக்கலாம்.  கேட்டிருந்தால் அந்தளவு நேர்மையாவது மிஞ்சியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை. மண்டபம் நிறைந்திருந்தது. பின்சுவரோரம் பிள்ளைகள் சுருட்டிய தாள்களைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கூட்டம் முடிந்து தேநீர் நேரத்தில் தொங்கவிடுவதாகத் திட்டம். நீயும் ஸஹ்ராவும் ஒரே சுருளை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்திருந்தீர்கள்.

அதிபர் முதலில் நேரசூசியை எடுத்தார். பெற்றோரிடமிருந்து முறைப்பாடு வந்திருக்கிறதாம்.

துறைமுகப் பக்கம் மீன் வாடி வைத்திருக்கிற ரவி எழும்பினார். "சேர், என்ர மகன் ஒவ்வொரு நாளும் நாப்பது நிமிசம் எறும்பு எண்ணுறான். எண்ணி முடிச்சிட்டியோடா எண்டு கேட்டனான். எறும்பு இடம் மாறிட்டுதாம், திரும்ப முதலேயிருந்தாம்!"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரு தாய் எழும்பினாள். "ரியூசன்ல மற்றப் பள்ளிக்கூடப் பிள்ளையள் ரெண்டாந் தவணைப் பாடமெல்லாம் முடிச்சுப்போட்டு இருக்குதுகள். எங்கட பிள்ளையள் முழுசிக்கொண்டு இருக்குதுகள். ரீச்சர், நாங்கள் பிள்ளையை அனுப்புறது படிப்பிக்க. கேள்வி கேக்க வீட்டில காணாதோ?"

வதனி ரீச்சர் எழும்பி நின்று சொன்னார்: "நான் கேட்டது நாப்பது நிமிசம்தான் அம்மா. மிச்சம் இருநூத்தி எண்பது நிமிசமும் உங்கட." கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு நின்றார். "தாளைத் தொங்கவிட்ட பிறகு ஒருக்காப் பாருங்கோ. பார்த்துப்போட்டு முடிவெடுங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்."

நியாயமான கதைதானே? பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். 

அதிபர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். என்னில் கண் நின்றது. "எங்கட எழுத்தாளர் இருக்கிறார். முதலே ஆதரிச்சுப் பேப்பரில எழுதினவர். நீங்கள் சொல்லுங்கோ அண்ணன்."

வதனி ரீச்சரின் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் எழும்பினேன்.

"எழுதினது உண்மைதான். எழுதுறது லேசு," என்றேன். "ஆனா இப்ப யோசிச்சுப் பார்க்கிறன். பிள்ளையளுக்குக் கேள்வி கூடிப்போச்சு, பாடம் குறைஞ்சுபோச்சு. சோதனையில கேள்வி கேக்கிறது அவையள். எங்கட பிள்ளையள் விடை சொன்னாப் போதும். அதுக்குப் பழைய நேரசூசி காணும். இதில பார்க்கிறதுக்கு என்ன கிடக்கு? நேரத்தோட முடிவெடுத்தா நேரத்தோட வீட்ட போகலாம்."

நேரத்தோடு வீட்டுக்குப் போவதைப் பற்றி நான் கதைத்தேன் பிள்ளைகளே. ஸஹ்ரா பத்தடி தூரத்தில் நிற்க.

கைதட்டினார்கள். முதலில் தட்டியது பஸ் முதலாளி. "சரியாச் சொன்னார் எங்கட ரைம்!"

பழைய நேரசூசி வேண்டும் என்பவர்கள் கை உயர்த்தச் சொன்னார் அதிபர். நான் உயர்த்தினேன். என்னைப் பார்த்து மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர். வதனி ரீச்சர் எண்ணவில்லை. நாற்பது நிமிடமும் யாருடையதோ, அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய கையில் தாள் இருந்தது.

ரீச்சர் பின்பக்கம் போனார். "பேப்பரை எல்லாம் வீட்ட கொண்டுபோங்கோ பிள்ளையள். திங்கக்கிழமையிலயிருந்து பழைய மாதிரி." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பி ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் அன்றைக்கு ஒன்று விளங்கிக்கொண்டேன். நாங்கள் பெரியவர்கள் சதா சொல்லுவோம் — பிள்ளை படிக்குதில்லை, பிள்ளை படிக்குதில்லை. பொய். பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கும்போதுதான் எங்களுக்குக் கால் நடுங்குகிறது. புத்தகத்தில் உள்ளதைப் படிக்கிறவரை பயமில்லை. எங்களையும் படிக்கத் தொடங்கினால்? உடனே மணி அடித்து அடுத்த பாடத்தைத் தொடங்கிவிடுவோம்.

பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் இருந்தாய். சுருள் மடியில். ஸஹ்ரா உன்னிடம் தந்துவிட்டு முன்னுக்குப் போய்விட்டாள்.  வீட்டுக்கு வந்து சுருளை அலுமாரிக்கு மேலே வைத்தாய்.

"மகள், அப்பா சொன்னது..." என்று தொடங்கினேன்.

"நீங்கள் சொன்னது சரிதான் அப்பா. பாடம் முடியேல்லைத்தான்," என்றாய். பிறகு முகம் கழுவப் போனாய்.

இந்த வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது யாருக்கும் சொல்லாத மாதிரி, சோற்றைப் பார்த்துச் சொன்னாய்: "ஸஹ்ராட வாப்பா இண்டைக்கு வந்தவர். விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு போயிட்டார்." அம்மா, "அட, ஏனாம்?" என்றாள். நீ, "தூரமாம்" என்றாய். குச்சவெளியிலும் நல்ல பள்ளிக்கூடம்தான். ஸஹ்ரா கெட்டிக்காரி, எங்கே விட்டாலும் முளைப்பாள். அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன்... முடியவில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. அம்மா உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ரவுணுக்குச் சப்பாத்து வாங்கப் போனாள். வீட்டில் நான் மட்டும்தான். அலுமாரியிலிருந்து சுருளை இறக்கி நிலத்தில் விரித்தேன்.

எவ்வளவு வடிவான வேலை! திகதி, வெளிக்கிட்ட நேரம், பாலம், நிலாவெளி, குச்சவெளி, காரணம் — ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். மானுக்கு ஒரு குட்டிப் படம். வலப்பக்கத்து ஓரம் மட்டும் கோணலாக இருந்தது. கத்தரிக்கோல் போன கோணல். கீறிய கறுப்புக் கோடுகள் எல்லாம் அந்த விளிம்பில் வந்து அந்தரத்தில் நின்றன. அங்கே இன்னும் ஒரு நிரல் இருந்திருக்கிறது.

என் நிரல்.

எப்போது வெட்டினாய் என்று பார்த்தேன். வெட்டிய விளிம்பை ஒட்டி, மூலையில், ரீச்சரின் சிவப்புப் பேனை: 'நன்று. ஆனால் ஒப்பிட்ட பதிவு எங்கே?' கையொப்பம். திகதி — கூட்டத்துக்கு முதல் நாள், திங்கட்கிழமை. அதற்குக் கீழே பென்சிலால் உன்னுடைய உருண்டைக் கையெழுத்து.

'பதிவு கிடைக்கவில்லை.'

தனு... நான் கையை உயர்த்துவதற்கு ஒரு நாள் முன்னரே நீ வெட்டிவிட்டாய். என் பேர் அந்தச் சுவரில் ஏறவே போவதில்லை. பார்த்துவிட்டு முடிவெடுங்கோ என்று அந்த மனுசி கெஞ்சியபோது நான் பேசாமல் இருந்திருந்தால் போதும். தாள் தொங்கியிருக்கும். முதலாளி பார்த்திருப்பார். அவருடைய பஸ் வெளிக்கிட்ட நேரம் இருபத்துநான்கும் அதில் இருக்கிறதே! வேறு என்ன வேண்டும்? ஒருவேளை ஸஹ்ராவின் வாப்பாவுக்கும் ஒரு தவணை பொறுக்க மனம் வந்திருக்கும். ஒருவேளைதான். தெரியாது. தெரிந்துகொள்ள நான் விடவில்லை.

இந்தத் தவணையில் நீ நேரம் பார்க்கப் பழகினாய், சராசரி எடுக்கப் பழகினாய். எல்லாம் ரீச்சரின் நாற்பது நிமிடத்தில் நீயே தேடிக்கொண்டது. இருப்பதை இல்லை என்று எழுதப் பழகியது மட்டும் அந்த நேரத்தில் இல்லை. அது என் புத்தகத்தைப் பார்த்து எழுதியது.

திங்கட்கிழமை நிஸ்தார் தாளை நீட்டுவான். நான் என்ன எழுதுவேன்? வீரன் மாதிரி இங்கே ஒரு வசனம் எழுத ஆசைதான். ஏற்கெனவே அப்படி ஒன்று எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டியாயிற்று. ஆகவே எழுதவில்லை. முதலாளியும் இந்தப் பேப்பர் வாசிக்கிறவர்தான், அவ்வளவு மட்டும் தெரியும்.

நீங்கள் திரும்பி வர இன்னும் நேரம் இருந்தது. ருக்சனின் படக் கொப்பியிலிருந்து தாள் கிழித்து, உயரம் அளந்து, இரண்டை ஒன்றாகப் பொருத்தி, வெட்டின விளிம்போடு பசையால் ஒட்டினேன். அந்தரத்தில் நின்ற கோடுகளை அடிமட்டம் வைத்து நீட்டினேன். தலைப்பில் 'புத்தகத்தில் எழுதிய நேரம்' என்று போட்டேன். பிறகு முழங்காலில் இருந்து, மேலிருந்து கீழே, இருபத்துநான்கு தடவை 1.45 என்று எழுதினேன். ஒன்றுக்கு ஒன்று ஒரு மயிரிழை பிசகவில்லை — அச்சில் வார்த்த மாதிரி. கடைசியில் கையொப்பமும் வைத்து, பசை காயும்வரை இரண்டு உள்ளங்கையாலும் அந்த ஓரத்தை அழுத்திக்கொண்டு இருந்தேன்.